எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை முடிவெடுக்கப் பழக்குவது எப்படி: எல்லையோரப் பள்ளிகளில் வகுப்பு எடுக்க வருகிறவர்களுக்கு

போன வருடம் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் (பாலக்காடு மாவட்டம்) ஒரு தமிழ் மீடியம் ஹைஸ்கூலில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேருக்கு எட்டு வாரம் வகுப்பு எடுத்தேன். எட்டு வாரம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். ஏப்ரலில் அலைய ஆரம்பித்து முதல் வகுப்புக்குள் கால் வைக்க ஜூன் கடைசி ஆகிவிட்டது, கால் வைத்த பிறகு முதல் வகுப்பையே சொதப்பினேன். உங்களுக்கு அந்த அலைச்சலும் சொதப்பலும் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். கேரளத்தில் பிளஸ் ஒன் சேர, வேண்டிய இடங்களைப் பிடித்த வரிசையில் ஆப்ஷனாகப் போட வேண்டும், அதில் ஒன்றை ஒதுக்குவார்கள், அதுதான் அலாட்மென்ட். என் அக்கா மகனுக்கு அதில் இரண்டாவது ஆப்ஷன் வந்தது. முதல் ஆப்ஷன் வரட்டும் என்று எங்கேயும் சேராமல் இருந்துவிட்டான். சேராமல் விட்டால் வரிசையை விட்டே வெளியே போய்விடுவோம் என்று அவனுக்குத் தெரியும், அறிவிப்பில் வாசித்திருக்கிறான். வீட்டில் நாங்கள் நாலு பேர் நாலு விதமாகச் சொன்னோம், அவன் நாலு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான், கடைசி நாள் சாயங்காலம் 5 மணி தாண்டிவிட்டது. விவரம் தெரியாமல் இல்லை, முடிவெடுத்துப் பழக்கம் இல்லை. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விடுகிற பழக்கம் பதினைந்து வயதில் திடீரென்று வந்துவிடாது.

1. வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்

பத்தாம் வகுப்பைக் கேட்காதீர்கள், தரமாட்டார்கள். தந்தாலும் பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாஸில் களைத்துப்போய் உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதுதான் சரியான இடம், கையில் இன்னும் ஒரு வருடம் இருக்கும். எட்டும் பரவாயில்லை. கேரளத்தில் ஹைஸ்கூல் எட்டில்தான் தொடங்குகிறது, ஏழு வரை உள்ள யு.பி. பள்ளியிலிருந்து வந்த வேகத்திலேயே எஸ்.பி.சி.யில் (மாணவர் போலீஸ் படை) சேர்வதா, லிட்டில் கைட்ஸ் (கம்ப்யூட்டர் மன்றம்) பரீட்சை எழுதுவதா, ஜே.ஆர்.சி.யா (ஜூனியர் ரெட் கிராஸ்), ஒன்றுமே வேண்டாமா என்று நிஜமான முடிவுகள் அவர்கள் முன்னால் வந்து நிற்கும். நிஜமான முடிவு கண்ணெதிரே இருக்கும் வகுப்புக்குப் போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

30 பேருக்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். 45 பேரை வைத்துக்கொண்டு இது நடக்காது, சொற்பொழிவுதான் நடக்கும்.

2. தாள்களைச் சேருங்கள்

என் முதல் தப்பு இங்கேதான். ஒரு பக்கத்துக்குத் தமிழில் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். ஓர் அலுவலகத்தில் அதைத் திருப்பிப் பார்க்காமலே, மலையாளத்தில் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கேரளத்தின் 1969ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம் நம் மாதிரி மொழிச் சிறுபான்மையினர் தமிழிலேயே அரசுக்கு எழுத இடம் தருகிறது. அதைச் சொல்லி வாதாடலாம், வாதாடி ஜெயிக்கவும் செய்யலாம், அதற்குள் ஓணம் வந்துவிடும். நான் மலையாளத்தில் ஒரு பிரதி, தமிழில் ஒரு பிரதி இரண்டையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன், வேலை நடந்தது.

என்னென்ன வேண்டும் என்றால், முதலில் தலைமை ஆசிரியருக்கு விண்ணப்பம். அதில் மூன்று விஷயம் கண்டிப்பாக இருக்கட்டும்: முழுக்க இலவசம், எந்தப் பொருளும் விற்க மாட்டேன், வகுப்பு நேரம் முழுவதும் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் உள்ளே இருப்பார். மூன்றாவது உங்கள் பாதுகாப்புக்கும்தான். 2012இல் போக்சோ சட்டம் வந்த பிறகு வெளியாள் ஒருவரைப் பிள்ளைகளோடு தனியாக விட எந்த ஹெச்.எம்.மும் யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். அவர் கேட்கும் முன் நீங்களே எழுதிவிட்டால் பேச்சு சுமுகமாகப் போகும்.

இரண்டாவது, எட்டு வாரத்துக்கும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் ஒரு பட்டியல். 'வாழ்க்கைத் திறன்' என்ற சொல்லைத் தலைப்பில் போடுங்கள். முடிவெடுத்தல் உலக சுகாதார நிறுவனத்தின் பத்து வாழ்க்கைத் திறன்களில் ஒன்று, பள்ளிக்கூடக்காரர்களுக்கு அந்தச் சொல் பழக்கமானது. வெறும் 'முடிவெடுத்தல்' என்று போட்டபோது, யாரோ மதப் பிரசாரம் செய்யவோ கோர்ஸ் விற்கவோ வந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டார்கள்.

மூன்றாவது ஆதார் நகல். நான்காவது போலீஸ் நற்சான்று. இதை எல்லாப் பள்ளியும் கேட்காது, ஆனால் கேட்ட பிறகு ஓடினால் நாள் போய்விடும். கேரள போலீஸின் துணா இணையதளத்திலோ போல்-ஆப் செயலியிலோ விண்ணப்பிக்கலாம், கைவராவிட்டால் அக்ஷயா மையத்தில் (நம் இ-சேவை மையம் மாதிரி) செய்து கொடுப்பார்கள். எனக்கு 12 நாள் ஆனது. உங்கள் ஆதார் முகவரி பொள்ளாச்சிப் பக்கமும் வீடு வேலந்தாவளம் பக்கமுமாக இருந்தால் (நம் பக்கத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான்) எந்த மாநிலத்தில் விண்ணப்பிப்பது என்று ஸ்டேஷனில் நேராகக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஐந்தாவது பெற்றோரின் சம்மதக் கடிதம், இரண்டு மொழியிலும். மலையாளத்தில் சம்மதபத்ரம் என்பார்கள். போட்டோ எடுக்கமாட்டேன் என்று அதிலேயே எழுதிவிட்டேன், பல கேள்விகள் அதோடு தீர்ந்தன.

அரசுப் பள்ளியானால் தலைமை ஆசிரியர் மேலே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லலாம். எய்டட் பள்ளியானால் மேனேஜரிடமும் கேட்க வேண்டும். எங்கே கொடுத்தாலும் உங்கள் நகலில் தேதியும் நம்பரும் போட்டு வாங்குங்கள். நான் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் போனால், எந்தக் கடிதம் என்று கேட்டார்கள்.

3. நாள் குறியுங்கள்

ஜூன் 1ஐ ஒட்டிப் பள்ளி திறக்கும். முதல் இரண்டு வாரம் புத்தகம், யூனிபார்ம், அட்மிஷன் என்று யாருக்கும் மூச்சு விட நேரம் இருக்காது. ஜூன் மூன்றாம் வாரத்திலிருந்து ஓணப் பரீட்சைக்கு (முதல் பருவப் பரீட்சை) முந்தைய வாரம் வரை ஒரு நல்ல இடைவெளி. ஓணம் முடிந்து வந்தால் அறிவியல் மேளா, விளையாட்டு மேளா, கலோத்ஸவம் (கலைவிழா) என்று வரிசையாக வரும், வகுப்பில் இன்றைக்குப் பாதிப் பேர் இருப்பார்கள், நாளைக்கு மீதிப் பாதி இருப்பார்கள். அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் பரீட்சை. ஜனவரிக்கு மேல் கேட்கவே கேட்காதீர்கள்.

வாரத்தில் எந்த நாள்? வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்றைக்கு ஜும்மாவுக்காக மதிய இடைவேளை நீளம், அதற்குப் பிறகு வருகிற பிரீயட் குட்டையாகவும் தூக்கமாகவும் இருக்கும். புதனோ வியாழனோ கடைசி பிரீயடுக்கு முந்தியது எனக்குச் சரியாக வந்தது. கடைசி பிரீயடே வேண்டாம், எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் போகிற பிள்ளைகளுக்குப் பஸ் நினைப்பு வந்துவிடும்.

எட்டு வாரத்துக்குப் பத்து வாரம் கேட்டு வையுங்கள். மழை வந்தால் கலெக்டர் லீவு விடுவார், நம் பக்கம் தூறல்கூட இல்லாவிட்டாலும் மாவட்டத்துக்கே லீவுதான்.

4. செலவு

24 பேருக்கு எனக்கு ஆனது இது. நோட்டு 360 ரூபாய், ஜெராக்ஸ் 192 பக்கம் 384, சார்ட் 80, ஸ்கெட்ச் பேனா 120, மலையாளக் கடிதம் டைப் அடிக்க 150, பஸ் 320, கடலை மிட்டாய் எட்டு வாரத்துக்கும் 960, அப்புறம் பிள்ளைகள் கையில் கொடுத்த 500. மொத்தம் 2,874 ரூபாய். மிட்டாய்ச் செலவைக் குறைக்கலாமே என்று தோன்றும். மதியம் இரண்டரை மணிக்குப் பசியோடு இருக்கிற பிள்ளை யோசிக்காது, அதைக் குறைக்காதீர்கள். அந்த 500ஐயும் குறைக்காதீர்கள், அடுத்தது அதைப் பற்றித்தான்.

5. முதல் நாளே நிஜப் பணத்தைக் கொடுங்கள்

நான் முதல் வகுப்பில் போர்டில் "முடிவெடுத்தல் என்றால் என்ன?" என்று எழுதினேன். பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்து நல்ல நல்ல பதிலாகச் சொன்னார்கள். பெரியவர்களைக் கேட்க வேண்டும் டீச்சர். நன்றாகப் படிக்க வேண்டும் டீச்சர். மொபைல் பார்க்கக் கூடாது டீச்சர். எந்தப் பதில் டீச்சருக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதில் நம் பிள்ளைகள் எட்டு வருடப் பயிற்சி பெற்றவர்கள், அதைத்தான் செய்தார்கள். பிரீயட் முடிந்தது, ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு 500 ரூபாய் நோட்டை மேஜைமேல் வைத்து, டஸ்டரை அதன்மேல் வைத்தேன். இது இந்த வகுப்புக்கு. என்ன செய்யலாம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். மணி மூன்று இருபதுக்குள் ஒரே முடிவு, தாளில் எழுதி என் கையில் வர வேண்டும். வராவிட்டால் நோட்டு என் பர்ஸுக்குப் போகும். இவ்வளவுதான் சொன்னேன்.

முதல் பத்து நிமிடம் யாரும் நம்பவில்லை. அப்புறம் ஃபுட்பால் என்று பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் டாய்லெட்டில் கண்ணாடி மாட்டலாம் என்று இன்னொரு பக்கம், எல்லாருக்கும் டீயும் பன்னும் என்று பின் பெஞ்ச். ஓட்டு எடுத்தார்கள், 9, 9, 6. மறுபடி எடுத்தார்கள், அதேதான். டீ கட்சியை இழுக்க இரண்டு பக்கமும் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது. நான் டஸ்டரைத் தூக்கினேன், நோட்டை மடித்துப் பர்ஸில் வைத்தேன்.

"டீச்சர், நிஜமாவே எடுத்துட்டுப் போறீங்களா?"

"ஆமாப்பா."

பஸ்ஸில் வரும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கூட இருந்த வகுப்பு டீச்சர், பாவம் கொடுத்திருக்கலாமே என்றார். இரங்கிவிடாதீர்கள். அந்த மணி அடித்த நிமிடம்தான் எட்டு வாரத்திலும் அவர்கள் மறக்காத பாடம்.

அடுத்த வாரம் அதே நோட்டு, அதே நேரம். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே தாள் வந்தது: சைக்கிள் பம்ப் ஒன்று, சைக்கிள் ஸ்டாண்டில் வைக்க. ஊசி தனியாக வாங்கினால் அதே பம்பில் பந்துக்கும் காற்று அடிக்கலாமாம், பழைய பந்து பி.டி. ரூமில் தட்டையாகக் கிடக்கிறதாம். பம்பும் ஊசியும் 400 ரூபாய்க்கு முடிந்தது, மீதி நூறுக்குக் கண்ணாடி. நூறு ரூபாய்க்குக் கிடைத்தது பாதி முகம் தெரிகிற கண்ணாடிதான், அதைப் பற்றிப் பெண்கள் கடைசி வாரம் வரை என்னிடம் குறை சொன்னார்கள். டீ கட்சி எப்படிச் சம்மதித்தது என்று கேட்டேன், அவர்களில் நாலு பேர் சைக்கிளில் வருகிறவர்களாம்.

நீங்கள் என்ன பொருள் வாங்கச் சொல்வீர்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வாயைத் திறக்காதீர்கள். முகத்தைக்கூட மாற்றாதீர்கள்.

6. "சேரலாமா வேண்டாமா" என்ற கேள்விக்குத் தடை போடுங்கள்

'லாமா வேண்டாமா' என்று கேட்டால் வழி இரண்டுதான் தெரியும், அதில் ஒன்று 'சும்மா இருப்பது'. மூன்றாவது வழி ஒன்றையாவது எழுதாமல் மேலே போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். எஸ்.பி.சி.யில் சேரலாமா வேண்டாமா என்று எழுதிய ஒரு பையன், மூன்றாவதாக "ஜே.ஆர்.சி., சனிக்கிழமை ஃப்ரீ" என்று எழுதினான். சனிக்கிழமை அப்பாவோடு தோப்பில் தேங்காய் பொறுக்கப் போக வேண்டும், அதுதான் அவன் பிரச்சினையே. அது அதுவரை தாளில் வரவில்லை.

பிறகு ஒவ்வொரு வழிக்கும் நான்கு கட்டம்: என்ன போகும், என்ன வரும், ஒரு வருடம் கழித்து என்ன, பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா. கடைசிக் கட்டத்தில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். திரும்பி வர முடிகிற முடிவுக்கு ஒரு நாள் போதும், திரும்ப முடியாததற்கு ஒரு மாதம் எடுத்தாலும் தகும். பிள்ளைகள் நேர்மாறாகச் செய்கிறார்கள், சுற்றுலாவுக்கு என்ன சட்டை போடுவது என்று ஒரு வாரம் யோசிக்கிறார்கள், எந்தக் குரூப் என்பதைப் பக்கத்து பெஞ்சைப் பார்த்து ஒரு நிமிடத்தில் எழுதுகிறார்கள். பெரியவர்கள் மட்டும் என்னவாம், அதை விடுங்கள்.

7. எழுதிய பிறகுதான் பேச்சு

முதல் ஐந்து நிமிடம் தனித்தனியாக, பேசாமல் எழுத வேண்டும். இதற்கு ஒரு காரணம் உண்டு. 2005இல் கார்ட்னர், ஸ்டீன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு கார் ஓட்டும் வீடியோ கேமை வைத்துச் சோதித்தார்கள். தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகமாக ஆபத்தில் இறங்கவில்லை, கூட்டாளிகள் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் அவர்களின் ஆபத்தான ஓட்டம் கூடியது, பெரியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. அதனால் பதிலைக் கை தூக்கச் சொல்லி வாங்காதீர்கள். முதல் கை எந்தப் பக்கம் போகிறதோ வகுப்பே அந்தப் பக்கம் போய்விடும். தாளை மடித்து வாங்குங்கள், போர்டில் எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள், அப்புறம் பேசவிடுங்கள்.

8. லாட்டரிக் கணக்கு

முடிவு வேறு, விளைவு வேறு என்று புரியவைக்க எல்லையோரத்தில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடை செய்தார்கள், அதனால் கோபாலபுரம், வேலந்தாவளம் பக்கம் எல்லை தாண்டிய உடனே டிக்கெட் கடை. பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள்.

கேள்வி இது: ஒருவர் பிள்ளையின் ஸ்கூல் பீஸ் பணத்தில் லாட்டரி எடுத்தார், ஒரு கோடி விழுந்தது. அவர் எடுத்தது நல்ல முடிவா? என் வகுப்பில் 19 பேர் நல்ல முடிவு என்று எழுதினார்கள். அப்புறம் கணக்குப் போட்டோம். கேரள வாராந்தர டிக்கெட்டில் எண் 1,00,000இலிருந்து 9,99,999 வரை, அதாவது 9 லட்சம், ஒவ்வொரு எண்ணும் 12 சீரிஸில் வரும், பெருக்கினால் 1 கோடியே 8 லட்சம் டிக்கெட். முதல் பரிசு அதில் ஒன்றுக்கு. கொழிஞ்சாம்பாறையில் எத்தனை பேர் இருப்பார்கள், சித்தூர் தாலூக்காவில் எத்தனை பேர் என்று அவர்களே ஒப்பிட ஆரம்பித்தார்கள். மறுபடி எழுதச் சொன்னபோது 19 பேர் 7 ஆனார்கள். அந்த ஏழு பேரோடு வாதாடவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லுங்கள்: நன்றாக யோசித்து எடுத்த முடிவும் சில நேரம் கெட்டுப் போகும், அதற்காக யோசித்தது தப்பாகாது. இதைச் சொல்லாமல் விட்டால், தோற்ற பிள்ளை அடுத்த தடவை முடிவெடுக்கவே பயப்படும்.

கவனம்: வகுப்பில் லாட்டரி விற்கிறவர் வீட்டுப் பிள்ளை இருக்கும், கள்ளு இறக்குகிறவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை தரக்குறைவாக வந்தால் அந்தப் பிள்ளை உங்களுக்கு அதோடு போச்சு. எனக்கு ஒரு தடவை வாய் தவறியது. அடுத்த இரண்டு வாரம் ஒரு தாள் வெள்ளையாகவே வந்தது.

9. எல்லை வகுப்பு: பிளஸ் ஒன் இங்கேயா, அங்கேயா

இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். நம் பிள்ளைகள் எடுக்கப்போகிற பெரிய முடிவு இதுதான், அதிலும் விவரம் சரியாகத் தெரியாமல் எடுக்கிறார்கள். நீங்களும் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போங்கள், நான் சொல்வது அடிப்படைகள் மட்டும்.

கேரளத்தில் தங்கினால்: எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது டி பிளஸ் கிரேடு வேண்டும். ஒற்றைச்சாளர முறையில் இணையத்தில் விண்ணப்பம். ஒரு பள்ளியும் அதில் ஒரு பாடத் தொகுப்பும் சேர்ந்ததுதான் ஓர் ஆப்ஷன், பிடித்த வரிசையில் போட வேண்டும். முதல் ஆப்ஷனே கிடைத்தால் பீஸ் கட்டி நிரந்தரமாகச் சேர வேண்டும். கீழே உள்ளது கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம். சேரவே இல்லை என்றால் என் அக்கா மகன் கதைதான்.

இதை வகுப்பில் சொல்லிக் கொடுக்காதீர்கள், ஆட வையுங்கள். நாலு பள்ளிப் பெயரை போர்டில் போட்டு, ஒவ்வொருவரும் மூன்று ஆப்ஷன் எழுதி, சீட்டுக் குலுக்கி அலாட்மென்ட் விட்டேன். இரண்டாவது ஆப்ஷன் வந்த பிள்ளைகளிடம் மூன்று நிமிடம் கொடுத்து, தற்காலிகமா, நிரந்தரமா, விடுவதா என்று கேட்டேன். மூன்று பேர் நேரத்துக்குள் சொல்லவில்லை. மூவரையும் எழுந்து பின்னால் நிற்கச் சொன்னேன். அடுத்த சுற்றில் எல்லாரும் இரண்டு நிமிடத்தில் சொன்னார்கள்.

தமிழ்நாட்டுக்குப் போனால்: மொழி சுலபம், கோவையும் பொள்ளாச்சியும் பக்கம், சொந்தக்காரர் வீடு இருக்கும். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்தில் கொடுக்கிற 7.5 சதவீதம், அங்கே அரசுப் பள்ளியில் 6ஆம் வகுப்பிலிருந்து 12 வரை படித்தவர்களைக் கணக்கில் வைத்துக் கொடுப்பது. பத்து வரை கேரளத்தில் படித்துவிட்டு பதினொன்றில் போய்ச் சேர்கிற பிள்ளைக்கு அது இல்லை. புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் அப்படித்தான். பொறியியல் கலந்தாய்வில் 8 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று வேண்டாம், மற்றவர்களுக்கு வேண்டும். நம் வில்லேஜ் ஆபீஸில் வாங்கிய சாதிச் சான்றை அங்கே இட ஒதுக்கீட்டுக்கு எடுக்கமாட்டார்கள். 'அங்கே போனா எல்லாம் கிடைக்கும்' என்று ஊரில் சொல்கிறவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

அதற்காகப் போகாதே என்று சொல்லாதீர்கள். பி.காம். படிக்கப்போகிற, அத்தை வீடு பொள்ளாச்சியில் இருக்கிற பிள்ளைக்கு இதில் எதுவுமே பெரிய தடையில்லை. கட்டங்களைப் போடட்டும், அவ்வளவுதான்.

இந்த வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் ஒரு விளையாட்டு: ஆறு மாதம் கழித்து இந்த முடிவு கெட்டுப் போச்சு என்று வைத்துக்கொள், ஏன் கெட்டது என்று எழுது. கேரி கிளைன் என்ற உளவியலாளர் கம்பெனிக்காரர்களுக்குச் சொன்ன உத்தி இது. ஒன்பதாம் வகுப்புக்கும் நன்றாகவே வேலை செய்கிறது. "காலைல பஸ் கிடைக்கல", "இங்கிலீஷ்ல நடத்தினது புரியல", "அத்தை வீட்ல சண்டை" என்று வந்தன. யோசித்துச் சொல் என்று கேட்டால் இது ஒன்றும் வராது.

10. வீட்டுக்கு என்ன கொண்டுபோவது

இதுதான் கஷ்டமான இடம், நானும் சரியாகச் செய்யவில்லை. வகுப்பில் அழகாகக் கட்டம் போட்ட ஒரு பெண், "ஆனா இதெல்லாம் மாமாதான் டீச்சர் சொல்வாங்க" என்றாள். முடிவு அவள் கையில் இல்லை. அவளை வீட்டில் சண்டைக்கு அனுப்புவது நம் வேலையில்லை, அனுப்பினால் அடிபடுவது அவள். முழு முடிவு கிடைக்காத பிள்ளை, முடிவுக்குள் ஒரு நிபந்தனை கேட்கப் பழகலாம் என்று மாற்றினேன். எந்த ஊர் என்று மாமா சொல்லட்டும், எந்தக் குரூப் என்று நான் சொல்கிறேன் என்கிற மாதிரி. கேட்கிற வாக்கியத்தை வகுப்பில் ஜோடியாக உட்கார்ந்து சொல்லிப் பழகினார்கள், ஒருத்தி மாமா, ஒருத்தி மருமகள். மாமாவாக நடித்தவர்கள் பயங்கரமாக நடித்தார்கள்.

எட்டில் ஒரு வாரம் பெற்றோரைக் கூப்பிடுங்கள். பி.டி.ஏ. கூட்டம் இருக்கிற நாளிலேயே வைத்தால் இரண்டு நடையாக வரவேண்டியிருக்காது, கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் சம்பளம். எனக்கு 24இல் 11 வீட்டிலிருந்து வந்தார்கள், பெரும்பாலும் அம்மாக்கள்.

தாள்களில் சில நேரம் நீங்கள் எதிர்பார்க்காதது வரும். வீட்டில் அடி, கல்யாணப் பேச்சு, இன்னும் மோசமானது. நீங்களே தீர்க்கப் போகாதீர்கள், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்காதீர்கள். அன்றைக்கே தலைமை ஆசிரியரிடமும் பள்ளிக் கவுன்சிலர் இருந்தால் அவரிடமும் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, கேரளத்தில் திஷா என்ற ஆலோசனை உதவி எண் 1056. இரண்டையும் முதல் வாரமே நோட்டின் உள் அட்டையில் எழுதவைத்துவிடுங்கள். யாருக்காக என்று விளக்கம் வேண்டாம்.

11. நோட்டு

ஒவ்வொரு வாரமும் நிஜத்தில் எடுத்த ஒரு சின்ன முடிவு, என்ன நடக்கும் என்று நினைத்தது, தேதி. இவ்வளவுதான் எழுத வேண்டும். நாலு வாரம் கழித்து நிஜத்தில் என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுத வேண்டும். மார்க் போடாதீர்கள், எழுத்துப்பிழை திருத்தாதீர்கள், வகுப்பு டீச்சர் பார்க்கமாட்டார் என்று முன்பே பேசி வையுங்கள். ஒருத்தன் எட்டு வாரமும் "டியூஷன் கட் அடிப்பதா" என்ற ஒரே முடிவை எழுதினான். எட்டு தடவையும் கட் அடித்திருக்கிறான். ஆறாவது வாரம் பக்கத்தில் "நினைச்ச அளவு ஜாலியா இல்ல" என்று ஒரு வரி. அவன் வர வேண்டிய டியூஷன் என்னுடையதுதான். ஓணம் முடிந்து வந்தான், பீஸ் பாக்கியோடு.